ஸ்டீலா, ராபா?

ஸ்டீல், ராப் என்ற இரண்டு ஆங்கில வினைகளையும் திருடு, கொள்ளையடி என்று எழுதி வைத்துப் படித்தவர்கள் நாம். சின்னத் தொகை போனால் ஸ்டீல், பெரிய தொகை போனால் ராப் என்று நாமாகவே ஒரு கணக்கும் வைத்திருப்போம். தொகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எதைத் திருடினார்கள் என்று கேட்டால் பதில் ஸ்டீலில் வரும். யாரிடம், எங்கே என்று கேட்டால் ராபில் வரும். பணத்தை ஸ்டீல் செய்வார்கள். வங்கியை ராப் செய்வார்கள். மாற்றிப்போட்டு, 'தே ஸ்டோல் த பேங்க்' என்றால் கட்டடத்தையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆகிவிடும். பர்ஸைப் பறிகொடுத்தவர் 'ஐ வாஸ் ஸ்டோலன்' என்று பதறினால், கேட்கிற ஆங்கிலேயர் விழிப்பார். ஆள் எதிரிலேயே நிற்கிறாரே!

சட்டத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, திருடுவதற்காக, திருடும்போதோ அதற்குச் சற்று முன்போ ஆள்மேல் பலத்தைக் காட்டினாலும் அடிவிழும் என்று மிரட்டினாலும் அது ராபரி. ஆயுள் தண்டனை வரை போகலாம். வெறும் திருட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டுதான். அப்படியானால், கையிலிருந்து பிடுங்குவது எதில் சேரும்? ஒரு பெண்ணின் கையிலிருந்த கூடையை வலித்து இழுத்துக்கொண்டு ஓடியவன் செய்தது ராபரி என்று 1987இல் ஒரு தீர்ப்பு. கையிலிருந்த சிகரெட்டை வெடுக்கென்று பறித்ததும் ராபரிதானா என்ற கேள்வி 2012இல் வந்தது. ஆள்மேல் கை படவில்லை, ஆகவே திருட்டு மட்டுமே என்றது உயர் நீதிமன்றம். மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் எனக்கு நியாயமாகவே படுகிறது.

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம், செயின் பறிப்பு போன்றவற்றுக்குத் திருட்டுக்கும் ராபரிக்கும் நடுவே தனிப் பிரிவே வைத்துவிட்டது.

பேச்சு வழக்கில் ஸ்டீலுக்குக் கொஞ்சம் செல்லம் உண்டு. மேடையில் ஒருவர் மற்றவர்களையெல்லாம் மறக்கடித்துவிட்டால் 'ஸ்டோல் த ஷோ' என்று பாராட்டுவார்கள். ராபுக்கு அந்தச் சலுகை இல்லை. நடுவர் கவிழ்த்துவிட்டார் என்று பொருமும் கால்பந்து ரசிகர் சொல்வது 'வீ வேர் ராப்ட்'. கடையிலும் அப்படியே: 'இட்ஸ் எ ஸ்டீல்' என்றால் அடிமாட்டு விலை. 'டேலைட் ராபரி' என்றால், நாமும் அதைத்தான் சொல்கிறோம், பகல் கொள்ளை.