ஆல், ஓடு, இல்: பெருந்தொற்றுக் கணக்குகளில் வேற்றுமை உருபுகள்



கொவிட்-19 காலத்தில் எண்களைக் குறித்து நாடுதோறும் அரசியல் பூசல்கள் எழுந்தன. அவற்றைப் பற்றி மொழியியல் பயின்றோர் பேச என்ன இருக்கிறது என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். எண்ணைக் கணக்கியலார்க்கும் நோயை மருத்துவர்க்கும் விட்டுவிடலாமே என்பது நியாயமான வினாவே. ஆயினும், எண்ணத் தொடங்குமுன் எதனை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லால் வரையறுத்தாக வேண்டும். அப்பூசல்களுள் பல, கூட்டல் கழித்தலில் பிறந்தவை அல்ல, சொற்பொருளில் பிறந்தவை. இதனையே இன்று நாம் எடுத்துக்காட்ட விழைகிறோம்.

நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு என்னும் உருபுகளைக் கூறுகிறது. கருவி, கருத்தா, உடனிகழ்தல் என்பன அவ்வேற்றுமையின் பொருள்கள். ‘கத்தியால் வெட்டினான்’ என்பதில் ‘ஆல்’ கருவியைக் குறிக்கிறது. ‘தந்தையோடு வந்தான்’ என்பதில் ‘ஓடு’ உடனிகழ்வைக் குறிக்கிறது. இவ்விரண்டையும் வகுப்பில் பலமுறை கற்பித்திருப்பீர்கள். இனி இவற்றை நோயின் பெயரோடு சேர்த்துப் பாருங்கள். ‘கொவிட்டால் இறந்தார்’ என்றால் நோயே இறப்புக்குக் காரணம். ‘கொவிட்டோடு இறந்தார்’ என்றால் இறந்தபோது நோய் உடனிருந்தது என்பது மட்டுமே பொருள். இரண்டாவது தொடர் நம் வழக்கில் அருகியதே எனினும், கருத்து விளங்கும்.

இவ்வுருபு மாறினால் எண் மாறும். இங்கிலாந்தில் தொடக்கத்தில், தொற்று உறுதியானவர் எத்தனை நாள் கழித்து இறந்தாலும், எந்தக் காரணத்தால் இறந்தாலும், கொவிட் இறப்பாகவே எண்ணப்பட்டார். 2020 ஆகஸ்டில், தொற்று உறுதியான 28 நாள்களுக்குள் இறந்தோரை மட்டும் எண்ணுவது என வரையறை திருத்தப்பட்டது. அன்று பிரிட்டனின் மொத்த எண்ணிக்கை 46,706இலிருந்து 41,329ஆகக் குறைந்தது. ஒரே நாளில் 5,377 பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கின. மாண்டவர் எவரும் மீண்டு வந்துவிடவில்லை. சிங்கப்பூரோ தொடக்கத்திலேயே ‘ஆல்’ உருபைக் கண்டிப்பாகப் பின்பற்றியது. தொற்று இருந்தும் மாரடைப்பு போன்ற பிற காரணத்தால் இறந்தவர் கொவிட் இறப்புப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. இவ்விரு நாடுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது, முழத்தையும் அடியையும் ஒரே அளவெனக் கொள்வதற்கு ஒப்பாகும்.

தமிழகத்தில் இப்பூசல் நேரடி அரசியலாயிற்று. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் மாநில அரசின் அறிவிப்புக்கும் இடையே வேறுபாடு தெரியவந்தபோது, அரசு மறைக்கிறது என எதிர்க்கட்சி குற்றஞ்சாட்டியது. அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. 2020 ஜூலை 22ஆம் நாள், முன்னர் விடுபட்டிருந்த 444 இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. ‘சேர்க்கப்பட்டன’ என்னும் செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். முதலில் விட்டவர் யார், எக்காரணத்தால் விட்டார் என்பதற்கு அவ்வினையில் இடமில்லை.

மூன்றாவதோர் உருபும் உண்டு. அது ஏழாம் வேற்றுமையின் ‘இல்’. பெருந்தொற்றுக் காலத்தில், வழக்கமாக எதிர்பார்க்கப்படுவதைவிட மிகுதியாக இறந்தோர் எத்தனை பேர் என்பது அதன் வினா. உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் இந்தியாவில் அத்தகைய இறப்புகள் ஏறத்தாழ 47 இலட்சம். இந்திய அரசு கொவிட் இறப்பெனக் கூறியதோ ஏறத்தாழ 4 இலட்சத்து 81 ஆயிரம். மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்க மறுத்தது. எதிர்க்கட்சிகள் அரசைச் சாடின. ‘இல்’ உருபின் கணக்கில், பிற நோய்க்குச் சிகிச்சை கிடைக்காமல் மாண்டவரும் அடங்குவர். ஆகவே இவ்விரு எண்களும் ஒரே வினாவுக்கான விடைகள் அல்ல. அதற்காக, இவ்வளவு பெரிய இடைவெளியை இலக்கணத்தால் மட்டும் நிரப்பிவிடவும் முடியாது. பதிவாகாத இறப்பு எந்த உருபுக்கும் அகப்படாது.

இதனைச் சொல்லாராய்ச்சி மட்டுமே எனக் கருதிவிடாதீர்கள். இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து, கொவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என முடிவாயிற்று. அதுவரை சான்றிதழில் நோயின் பெயர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்திராத குடும்பங்கள், அத்தாளைக் கையில் ஏந்தி அலுவலகப் படியேறின. ஓர் உருபு, ஒரு வீட்டின் உலைக்கு அரிசியாயிற்று.

நாளும் அவ்வாறே. மலேசியாவில் 2021 செப்டம்பர் 11ஆம் நாள் 592 இறப்புகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பல முந்தைய வாரங்களில் நிகழ்ந்து, பதிவில் தேங்கியிருந்தவை. ‘அன்று அறிவிக்கப்பட்டோர்’ என்பதை ‘அன்று இறந்தோர்’ எனப் படித்தவர் அஞ்சினர். சுகாதார அமைச்சு, அறிவித்த நாளையும் இறந்த நாளையும் வேறுவேறாகக் காட்டும் தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது. அத்தெளிவு வந்தபின், பூசலில் ஒரு பகுதி தானே அடங்கிற்று.

நிறைவாக, நமக்கு மிக அண்மையில் உள்ள ஒரு சொல்லுக்கு வருகிறோம். சிங்கப்பூரின் அன்றாட அறிக்கையில் தொற்றுகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன: வெளிநாட்டிலிருந்து வந்தவை, சமூகத்தில் பதிவானவை, ஊழியர் விடுதிகளில் பதிவானவை. விடுதிகளில் நெருக்கம் மிகுதி. கட்டுப்பாட்டு முறையும் வேறு. எனவே பிரித்து எண்ணியதற்கு மருத்துவக் காரணம் உண்டு. 2020 டிசம்பரில் வெளியான விவரப்படி, விடுதி ஊழியர்களுள் 54,505 பேருக்குப் பிசிஆர் பரிசோதனையிலும், மேலும் 98,289 பேருக்கு இரத்தப் பரிசோதனையிலும் தொற்று தெரியவந்தது. விடுதியில் வசித்தோருள் இது 47 விழுக்காடு. அதே ஆண்டில் ‘சமூகத்தில் இன்று தொற்று இல்லை’ என்னும் செய்தியை நாம் ஆறுதலோடு படித்த நாள்களும் உண்டு. நம் வீடுகளைக் கட்டியோர், நம் மொழி பேசுவோர் பலர், அச்சொல்லின் வேலிக்கு அப்பால் நின்றனர். எண் பிழையன்று. ‘சமூகம்’ என்னும் சொல்லே சுருங்கியிருந்தது. ‘விடுதிக்கு வெளியே’ என்று எழுதியிருந்தால், கணக்கும் கெட்டிருக்காது. எவரும் விலக்கப்பட்டிருக்கவும் மாட்டார்.

வரையறை வேறுபாடு என்று கூறி எல்லா அரசுகளையும் விடுவித்துவிடல் ஆகாது. எண் மாறியதாலேயே பொய் என்று கூவுவதும் ஆகாது. வரையறையை முன்கூட்டியே அறிவித்தார்களா? மாற்றியபோது காரணம் சொன்னார்களா? பழைய கணக்கையும் பார்வைக்கு வைத்தார்களா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்கும் இடத்தில் நம்பிக்கைக்கு இடமுண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேற்றுமை உருபைக் கற்பிக்கும் நாளில், செய்தித்தாளிலிருந்து ஓர் எண்ணை எடுத்துக்கொடுங்கள். எழுவாய், உருபு, காலம் மூன்றும் வெளிப்பட, அதனை முழு வாக்கியமாக எழுதுமாறு மாணவர்களைப் பணியுங்கள். எழுத முடியாத இடத்தில் அவர்கள் கேள்வி கேட்பார்கள். அக்கேள்வியே இலக்கணக் கல்வியின் பயன்.