கல்லைப் படிக்க என்ன படித்திருக்க வேண்டும்?

பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை

 

போன வருஷம் இதே மேடையில் கொசுவைப் பற்றிப் பேசினேன். "கொசு வாத்தியாரு வர்றாரு" என்று இன்றைக்கும் சில பேர் கேலி செய்வது என் காதில் விழாமல் இல்லை. இந்த வருஷம் மேற்படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மேற்படிப்பு என்றதும் டாக்டர், வக்கீல், என்ஜினியர் என்று மூன்று பேர்தான் நம் கண்முன் வந்து நிற்பார்கள். நான் பேச வந்தது அவர்களைப் பற்றி அல்ல. கல்லையும் மண்ணையும் படிக்கிற படிப்பைப் பற்றி.

நான் பட்டதாரி இல்லை. என்னிடம் இருப்பது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் மட்டுமே. பட்டம் வாங்காதவன் பட்டத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். ஆற்றில் இறங்கி நடுவழியில் திரும்பியவனுக்கு ஆழம் எங்கே ஆரம்பிக்கிறது என்று நன்றாகத் தெரியுமல்லவா? அந்த உரிமையில் பேசுகிறேன்.

நம் பள்ளியில் படித்து இப்போது மூன்றாம் படிவத்தில் இருக்கும் ஒரு மாணவி, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். டின் நிறையக் கற்கள். நம் தோட்டத்து ஓடையில் பொறுக்கியது, கம்பார் சாலையோரத்தில் எடுத்தது, லூமுட் கடற்கரையில் கண்டது எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, எங்கே எடுத்தது என்று எழுதியிருந்தாள். "சார், இதப் படிக்கிற படிப்பு இருக்காமே, அதுக்கு நான் என்ன பாடம் எடுக்கணும்?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துப் போயிற்று. அவள் வயதில் இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் பூகோளம் என்று படித்ததைத்தான் இப்போது புவியியல் என்கிறார்கள். ஓர் ஊர் ஏன் அந்த இடத்தில் உண்டானது, மழை எங்கே அதிகம், ஜனங்கள் ஏன் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போகிறார்கள், வெள்ளம் எந்தக் கம்பத்தில் ஏறும் என்று கேட்பது அந்தப் படிப்பு. நிலவியல் வேறு. அது காலுக்குக் கீழே என்ன இருக்கிறது, எப்போது உண்டானது என்று கேட்கும். கல், கனிமம், மலை, நிலநடுக்கம், நிலத்தடி நீர் எல்லாம் அதில் அடங்கும். இவற்றோடு காற்றையும் கடலையும் சேர்த்து ஒன்றாகப் படித்தால் அதுவே புவி அறிவியல்.

இந்தப் படிப்பு நமக்குச் சம்பந்தம் இல்லாதது என்று நினைக்காதீர்கள். கல்லுமலை முருகனைக் கும்பிட ஈப்போவுக்குப் போகிறோம், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிறோம். அந்த மலைகள் சுண்ணாம்புக் கல். சுண்ணாம்புக் கல் கடலுக்கு அடியில் படிந்து உண்டானது. பத்துமலைக் கல்லின் வயது ஏறக்குறைய 40 கோடி ஆண்டு என்கிறார்கள். நாம் படியேறிப் போகும் இடம் ஒரு காலத்தில் கடலின் அடித்தரை! அதற்கு நேர்மாறானது நம் கிழக்கே தெரிகிற தித்திவங்சா மலைத்தொடர். அது கருங்கல். பூமிக்கு உள்ளே உருகிக் கிடந்த குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகியது. கிந்தா பள்ளத்தாக்குக்குப் பெயர் வாங்கித் தந்த ஈயமும் அந்தக் கருங்கல்லோடு வந்ததுதான். மழையும் ஆறும் அதை அரித்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தன.

மண்ணும் அப்படித்தான். கருங்கல் மக்கினால் வரும் மண்ணுக்கு இந்த நாட்டு மண் நிபுணர்கள் ரெங்கம் மண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜொகூரில் உள்ள ரெங்கம் என்ற ஊரின் பெயர் அது. எரிமலைக் குழம்பு இறுகிய கல்லிலிருந்து வந்த செம்மண் குவாந்தான் மண். கடலோரக் களிமண்ணுக்குச் சிலாங்கூர் மண் என்று பெயர். எந்த மண்ணில் ரப்பர் வைப்பது, எதில் செம்பனை வைப்பது, எவ்வளவு உரம் போடுவது என்று துரைமார் முடிவு செய்வது இதையெல்லாம் பார்த்துத்தான்.

என் தகப்பனார் வெளிக்காட்டு வேலை செய்தவர். மழைநீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமலிருக்கக் குழி வெட்டுவார். "இந்த நிரையில மம்பட்டி பாயும், மேல இருக்கிற நிரையில பாயாது, கீழ கல்லு படுத்திருக்கு" என்று குழி வெட்டும் முன்பே சொல்லிவிடுவார். சொன்னது சொன்னபடி இருக்கும். அது எப்படி என்று அவருக்கு விளக்கத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் அதை விளக்குகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நிலவியல் பட்டம் நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும், சபா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. கிளந்தான் பல்கலைக்கழகம் ஜெலியில் புவி அறிவியல் நடத்துகிறது. நம் பேராக்கிலேயே ஸ்ரீ இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் எண்ணெய் சார்ந்த நிலவியலைக் கற்பிக்கிறது. ஆனால் அது தனியார் பல்கலைக்கழகம், கட்டணம் அதிகம், உபகாரச் சம்பளத்தை நம்பித்தான் நம் பிள்ளைகள் போகமுடியும்.

இவற்றில் சேர எஸ்.பி.எம். மட்டும் போதாது. அதற்குப் பிறகு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் போன்ற ஒன்று வேண்டும். எஸ்.டி.பி.எம். என்பது ஆறாம் படிவம், ஒன்றரை வருஷம். 2012 முதல் அதை மூன்று தவணையாகப் பிரித்துப் பரீட்சை வைக்கிறார்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுதுகிற பயம் இப்போது இல்லை. அரசாங்கப் பள்ளியிலேயே படிக்கலாம், செலவு மிகக் குறைவு. பொது அறிவுப் பாடத்தோடு இன்னும் இரண்டு பாடத்திலாவது குறைந்தது 'சி' வேண்டும், சராசரி 2.00 வேண்டும். ஆங்கிலத்துக்கு மூயெட் தேர்வு. இது வாசலுக்கு வரத்தான். நிலவியலுக்கு அந்தப் பாடங்கள் பௌதிகம், இரசாயனம், உயிரியல், கணிதம் போன்றவையாக இருக்க வேண்டும். போட்டி இருப்பதால் 2.00 வாங்கியவருக்கெல்லாம் இடம் கிடைத்துவிடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நிபந்தனையை மாற்றக்கூடும். விண்ணப்பிக்கிற வருஷம் அரசின் யூ.பி.யூ. இணையப் பக்கத்தில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

இங்கேதான் பெற்றோர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆறாம் படிவத்தில் பௌதிகமும் இரசாயனமும் எடுக்க, எஸ்.பி.எம்.மில் அந்தப் பாடங்களைப் படித்திருக்க வேண்டும். எஸ்.பி.எம்.மில் படிக்க, நான்காம் படிவத்தில் அவற்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நான்காம் படிவத்தில் கிடைக்க, மூன்றாம் படிவத்தில் கணிதமும் அறிவியலும் தேறியிருக்க வேண்டும். பதினெட்டு வயதில் திறக்கும் என்று நாம் காத்திருக்கிற கதவு, பதினைந்து வயதில் சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது! அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பெயர்களை 2020இல் எடுத்துவிட்டார்கள். இப்போது பாடத் தொகுப்பு என்கிறார்கள். மூன்றாம் படிவ அரசாங்கப் பரீட்சையும் 2022இல் நின்றுபோயிற்று. பெயர் மாறினாலும் கணக்கு மாறவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளி முடித்துப் புகுமுக வகுப்புக்குப் போனேன். தீப்பாறை, படிவுப்பாறை என்று தமிழ்ப் புத்தகத்தில் படித்தவன், 'பத்துவான் இக்னியுஸ்' என்றதும் விழித்தேன். பாறை மக்கிப் போவதற்கு மலாயில் 'லுலுஹாவா' என்று பெயர். அது ஏதோ ஒரு பெண்பிள்ளையின் பெயர் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்குச் சுழி! பாடம் தெரியாமல் இல்லை, சொல் தெரியவில்லை. மூன்றாம் படிவ முடிவில் பள்ளியிலிருந்து ஒரு பாரம் வந்தது. மலாயில் இருந்தது. நானும் சரியாகப் படிக்கவில்லை. அப்பா வேலைக் களைப்பில், "எங்கடா கையெழுத்து?" என்று கேட்டு அரிக்கேன் விளக்கடியில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். அது கலைப் பிரிவுக்குச் சம்மதம் என்று எனக்கு அடுத்த வருஷம் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். யாரையும் குறை சொல்லவில்லை. அப்பாவிடம் கடைசி வரையில் நான் இதைச் சொல்லவும் இல்லை.

கலைப் பாடம் எடுத்த பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். பூகோளப் பட்டத்துக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. எஸ்.டி.பி.எம்.மில் புவியியல் ஒரு பாடம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் அது கலை, சமூகவியல் சார்ந்த துறையில்தான் இருக்கிறது. ஆசிரியராக விரும்புகிறவர்களுக்குத் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகம் உண்டு. ஆனால் பூகோளம் என்றால் தலைநகர்களை மனப்பாடம் செய்வது என்று எண்ணிப் போகாதீர்கள். புள்ளிவிவரக் கணக்கும், கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவதும், வானிலிருந்து எடுத்த படங்களை ஆராய்வதும் அதில் பெரும்பங்கு.

உள்ளே போனால் என்ன வேலை? நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. செக்ரோல் கணக்கில் சொன்னால் 4,800 மணி நேரம், நாளுக்கு எட்டு மணி வீதம் 600 நாள் வேலை. நிலவியலில் இது வகுப்பறையோடு முடியாது. கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். சுத்தியல், திசைகாட்டி, கைக்கண்ணாடி, ஒரு சிறு புட்டி நீர்த்த அமிலம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகவேண்டும். நம் நாட்டில் மண் ஆழமாக மூடியிருப்பதால் கல் வெளியே தெரிவது ஓடையிலும், சாலை வெட்டிய இடத்திலும், கல்லுடைக்கும் இடத்திலும்தான். ஆகவே ஓடை ஓடையாக நடந்து, கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்து, ஒரு வரைபடம் போட்டு முடித்தால்தான் பட்டம்.

இதைக் கேட்டுத்தான் மைலோ டின் மாணவியின் தாயார், "பொம்பளப் புள்ள காட்டுல கல்லு பொறுக்கவா சார் படிக்கணும்?" என்றார். நியாயமான பயம். நான் அவரிடம், "அக்கா, நீங்க விடிகாலையில நெத்தியில விளக்கக் கட்டிக்கிட்டு எங்க போறீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, பிறகு சிரித்துவிட்டார். அட்டை கடிக்கும் என்று மட்டும் சொன்னார். கடிக்கும்தான்.

அந்தப் படிப்பில் வேலை உண்டா என்பது அடுத்த கேள்வி. 1903இல் ஸ்கிரிவெனர் என்ற வெள்ளைக்காரரை அரசாங்கம் நிலவியலாளராக நியமித்தது. அவருடைய அலுவலகம் நம் பத்து காஜாவில்தான் இருந்தது. அந்த வழி வந்ததே இன்றைய கனிம, புவி அறிவியல் இலாகா. எண்ணெய்க் கம்பெனி, சுரங்கம், சாலைப் பணி, அணைக்கட்டு ஆகியவற்றிலும் ஆள் தேவை. கிளந்தானில் குடிநீரில் கணிசமான பகுதி நிலத்தடியிலிருந்து வருகிறது. அதைத் தேடிக் காண்பதும் இவர்கள் வேலையே. 2008இல் நிலவியலாளர் சட்டமே வந்துவிட்டது. டாக்டர் பதிவு செய்வதுபோல் இவர்களும் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வேலை மழைபோல் கொட்டும் என்று நான் சொல்லமாட்டேன். எண்ணெய் விலை விழுந்தால் இவர்கள் வேலையும் ஆட்டம் காண்கிறது.

ஆனால் சம்பளம் மட்டும் காரணமல்ல. 1996 ஆகஸ்டு 29ஆம் தேதி கம்பாருக்குப் பக்கத்தில் போஸ் டிபாங்கில் மலைச் சேறும் மரமும் ஆற்றோடு வந்து 44 பேரைக் கொண்டுபோயிற்று. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலை பத்தாங் காலியில் கூடாரத்தில் உறங்கியவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள், அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். எந்தச் சரிவு நிற்கும், எந்தச் சரிவு நகரும் என்று முன்கூட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். மலையடிவாரத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வேலையின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த மாணவிக்குக் கணிதம் நன்றாக வருகிறது. அறிவியல் பரவாயில்லை. மலாய் கட்டுரையில்தான் தடுமாறுகிறாள். தகப்பனார், "கணக்குப் படிச்சா கிராணி வேலையாவது கிடைக்கும்" என்கிறார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பாடத் தொகுப்பு பாரம் இன்னும் வரவில்லை. வந்ததும் கையெழுத்துப் போடாமல் என்னிடம் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன். மூன்றாம் படிவத்தில் பிள்ளை உள்ளவர்கள் எந்தச் சனிக்கிழமையும் காலையில் பள்ளிக்கு வரலாம். நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் இருப்போம். பாரத்தைத் தமிழில் வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம். எங்கே கையெழுத்து என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். அந்த மைலோ டின் கற்களை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மேசை போட்டு வைத்திருக்கிறோம். தேநீருக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் ஒரு புட்டி வினிகர் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுரண்டி அந்தப் பொடியில் இரண்டு சொட்டு விட்டால் நுரை வரும், கருங்கல்லில் வராது. சின்னப் பிள்ளைகள் புட்டியைக் கவிழ்த்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.