ஏடாய்ப் பிரியும் கல்

ஆற்று மணலை ஒரு கை அள்ளி வெயிலிலே பிடித்தால், இடையிடையே சிறு செதில்கள் மினுங்கக் காணலாம். பொன்னென்று எண்ணி அவற்றைப் பொறுக்கிச் சேர்க்கும் சிறுவர் எவ்வூரிலும் உளர். மக்கள் இதனைக் காக்காய்ப்பொன் என்பர். சித்த மருத்துவர் அப்பிரகம் என்பர். வணிகர் மைக்கா என்பர். காக்காய்ப்பொன் என்னும் பெயரிலே சிறிது ஏளனம் தொனிக்கின்றது. அவ்வேளனத்துக்கு இப்பொருள் உரியதன்று.

பிற கற்களை உடைத்தால் சில்லும் தூளும் ஆகும். மைக்காவோ ஏடேடாகப் பிரியும். கூரிய கத்தி நுனியை ஓரத்திலே செலுத்தினால் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கினும் மெல்லிய தகடாக அதனைப் பிரித்தெடுக்கலாம். அத்தகட்டை வளைத்தால் ஒடியாது; விட்டவுடன் பழையபடி நிமிரும். நகத்தாற் கீறத்தக்க அளவு மென்மையானது. ஆயினும் நெருப்புக்கு எளிதில் அழியாது. மின்சாரத்தைத் தன்னூடே செல்லவும் விடாது.

இதற்குக் காரணம் அதன் அணுக்கள் அமைந்துள்ள முறையே. சிலிக்கனும் அலுமினியமும் ஒட்சிசனோடு இறுகப் பிணைந்து படலங்களாக அடுக்கப்பட்டுள்ளன. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே பொற்றாசியம் நிற்கின்றது. அடுக்கினுள்ளே பிணைப்பு வலிது; அடுக்குகளுக்கு இடையே மெலிது. கயிறு தளர்ந்த ஓலைச்சுவடியில் ஏடுகள் கழலுமே, அதனை ஒத்தது இது.

மைக்கா ஒன்றன்று, ஒரு குடும்பம். எங்கும் மிகுதியாக அறியப்பட்டது வெண்மைக்கா. கண்ணாடி அரிதாயிருந்த காலத்திலே உருசிய நாட்டு மக்கள் இதன் பெருந்தகடுகளைச் சாளரங்களிற் பதித்தனர். மொஸ்கோவைச் சூழ்ந்த நாட்டிலிருந்து வந்த கண்ணாடி என ஐரோப்பியர் அதனை அழைத்தமையால், 1850 இல் அமெரிக்க அறிஞர் டேனா அதற்கு மசுக்கோவைற்று என்று பெயரிட்டார். இரும்பும் மகனீசியமும் கலந்த கருமைக்காவுக்கு, மைக்காவின் ஒளியியல்பை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பியோவின் பெயரைத் தழுவி, 1847 இல் பயோற்றைற்று என்ற பெயர் வழங்கப்பட்டது. இரும்பு மிகுந்தமையால் மின்சாரத் தொழிலுக்கு அது அத்துணை ஏற்றதன்று. இளஞ்சிவப்பும் ஊதாவுமான மற்றொரு வகையில் இலித்தியம் உண்டு; ருபிடியம் என்னும் மூலகம் 1861 இல் அதிலேதான் கண்டுபிடிக்கப்பட்டது.

இலங்கையர் சிறப்பாக அறியவேண்டியது புளோகோப்பைற்று எனப்படும் பொன்மைக்கா. மகனீசியம் செறிந்த இது, மத்திய மலைநாட்டிலே, மாத்தளை போன்ற பகுதிகளில், சலவைக்கல்லோடும் அதனைச் சார்ந்த பாறைகளோடும் கிடைக்கின்றது. வெண்மைக்கா தாங்காத கடும் வெப்பத்தையும் இது தாங்கும்.

வானொலி கேட்போருக்கும் மைக்காவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பழைய வானொலிப் பெட்டியின் வால்வுகளுக்குள்ளே நுண்ணிய உலோகப் பகுதிகளை நிலைபெயராது பிடித்து நின்றவை மைக்கா வில்லைகளே. மின்னைத் தேக்கும் ஒடுக்கிகளில் உலோகத் தகடுகளைப் பிரித்து நின்றதும் அதுவே. இஸ்திரிப் பெட்டியின் உள்ளே சூடேறும் கம்பியைச் சுற்றியதும் மைக்காத் தகட்டின் மீதுதான். இரண்டாம் உலக யுத்தத்திலே வானொலிக் கருவிகளுக்கு இன்றியமையாத பொருளென வல்லரசுகள் இதனைத் தேடி அலைந்தன.

அந்நாளிலே உலகுக்கு வேண்டிய தகட்டு மைக்காவிற் பெரும் பகுதியை அளித்தது இந்தியா. இன்று ஜார்க்கண்டு மாநிலத்தில் உள்ள கோடர்மா, கிரிடி மாவட்டங்கள் அதற்குப் பேர்போனவை. நிலத்திலிருந்து தோண்டுவதோடு வேலை முடிவதில்லை. ஏட்டை ஏட்டினின்று பழுதின்றிப் பிரிக்கும் வேலையைப் பெண்களும் சிறுவர்களும் கையாலே செய்தனர். கல்லின் இயல்பு எத்துணை அரியதாயினும், அதனைப் பயன்படுத்தத் தந்தது அக்கைகளே.

வால்வுகள் மறைந்து திரான்சிஸ்டர் வந்தது. தகட்டு மைக்காவின் தேவை குறைந்தது. 1980 இன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் கோடர்மாப் பகுதியிற் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. ஆயினும் தொழில் ஒழிந்துவிடவில்லை. முன்பு கழிவென்று கொட்டிய துகள்களை அவ்வூரார் திப்ரா என்பர். அத்துகளைப் பொடியாக்கினால் மோட்டார் வண்டிச் சாயத்துக்கும் உதட்டுச் சாயத்துக்கும் மினுக்கம் தருகின்றது. கைவிடப்பட்ட குழிகளில், காவலும் தாங்கலும் இன்றி, குடும்பம் குடும்பமாகத் திப்ரா பொறுக்கலாயினர். குழி சரிந்து சிறுவர்கள் மாண்ட செய்தியும், அச்சாவுகள் மறைக்கப்பட்ட செய்தியும் 2016 இல் வெளியுலகை எட்டின. அதன்பின், 2017 இல், மைக்காவை வாங்கும் கம்பனிகள் சில பாரிசு நகரிலே சேர்ந்து, சிறுவர் உழைப்பை ஒழிக்க ஓர் அமைப்பை நிறுவின.

இயற்கை மைக்காவுக்கு ஈடாகப் புளோரின் சேர்த்து உலையிலே ஆக்கும் செயற்கை மைக்காவும் இப்போது உண்டு. அதன் மினுக்கம் தூயது. ஒப்பனைப் பொருள் செய்வோர் சிலர் அதற்கு மாறியும் உள்ளனர். எனினும் குழியிலிருந்து வரும் துகளே மலிவு. அதனைப் பொறுக்கும் சிறுவனுக்குக் கொடுக்கும் கூலி அத்துணைச் சொற்பம்.