கொப்பன்ஹேகனுக்குப் போகும் பிள்ளையும் வீட்டுக் கணக்குக் கொப்பியும்

(இக்காஸ்டில் நடந்த பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சு)



"கொப்பன்ஹேகனுக்குப் படிக்கப் போற பிள்ளையளின்ரை செலவைப் பற்றி ஒருக்கால் கதையுங்கோ அக்கா" என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் மேடைப் பேச்சாளர் அல்ல. என் மூத்த மகன் அங்கே மூன்றாவது வருடம் படிக்கிறான். அவனை அனுப்பிய நாள் முதல் நாங்கள் எழுதி வரும் கணக்குக் கொப்பி ஒன்று இருக்கிறது. அதில் படித்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளில் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எந்த ஊரில் இருக்க விருப்பம் என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. யூலண்டின் சிறிய ஊர்களுக்கு அனுப்பினார்கள், வந்தோம். இக்காஸ்டும் ஹேர்னிங்கும் அப்போது துணி, பின்னல் ஆலைகளின் ஊர்கள். 1987இல் எங்கள் ஆட்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்பட்டபோது மனைவி பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். அந்த விவகாரத்தில்தான் 1993 தை மாதத்தில் ஸ்லூட்டர் அரசாங்கம் பதவி விலகியது. அந்தக் காலத்திலேயே குறோனரை எண்ணி எண்ணிச் சேர்த்தவர்கள் நாங்கள். சிக்கனம் எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் கொப்பன்ஹேகன் கணக்கு சிக்கனத்தால் மட்டும் தீராது. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒளிக்காமல் கதைக்கவும் வேண்டும்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். பெரும்பாலான படிப்புகளுக்கு யூலை 5ஆம் திகதி கடைசி நாள். யூலைக் கடைசியில் பதில் வரும். ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பரில் வகுப்பு தொடங்கும். இடையில் இருப்பது ஒரு மாதம். நாடு முழுவதும் இருந்து பிள்ளைகள் அந்த ஒரு மாதத்திலேயே அறை தேடி ஓடுவார்கள். ஆகவே பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கொலேகியம் என்ற மாணவர் விடுதிகளுக்கு இந்தச் சித்திரையிலேயே பெயரைப் பதிந்து விடுங்கள். பொதுநல வீட்டுச் சங்கங்களின் வரிசையில் 15 வயதிலேயே பெயர் கொடுக்கலாம். அங்கே வரிசை மிக நீளம். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்றைக்கே செய்யலாம்.

இரண்டாவது, முதல் நாள் காசு. இதுதான் எங்களில் பலரைத் திடுக்கிட வைப்பது. தனியாரிடம் வாடகைக்கு எடுத்தால் மூன்று மாத வாடகை வரை வைப்புப் பணமாகவும், இன்னும் மூன்று மாதம் வரை முன்வாடகையாகவும் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். மாத வாடகை 5,000 குறோனர் என்று வையுங்கள். வைப்பு 15,000, முன்வாடகை 15,000, முதல் மாதம் 5,000. பிள்ளை ஒரு கரண்டி வாங்கமுன் 35,000 குறோனர் எண்ணி வைக்க வேண்டும். இதற்காகவே சீட்டுப் பிடிக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். பொதுநல வீடு கிடைத்தால், வருமானம் குறைந்தவர்களுக்கு அதன் வைப்புப் பணத்தைக் கொம்யூன் கடனாகக் கொடுக்கும். கேட்டால்தான் கிடைக்கும்.

மூன்றாவது, ஏமாற்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு பொடியன் படத்தைப் பார்த்து வைப்புப் பணத்தை அனுப்பினான். அதன்பிறகு அந்தத் தொலைபேசி எடுபடவே இல்லை. வீட்டை நேரில் பார்க்காமல், எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். "இந்த விலாசத்தில் பதிய வேண்டாம்" என்று சொல்கிறவரின் வீட்டை விட்டு விடுங்கள். குடிபோய் 5 நாளுக்குள் விலாசத்தை மாற்றிப் பதிவது சட்டம். அந்தப் பதிவு இல்லாமல் வீட்டு உதவிப் பணமும் கிடையாது. அறையில் உடைவு, கறை இருந்தால் படம் எடுத்து, இரண்டு கிழமைக்குள் வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். போகும்போது வைப்புப் பணம் திரும்பி வருவது அதில்தான் தங்கியிருக்கிறது. வாடகை அநியாயம் என்று பட்டால் கொம்யூனின் வாடகைச் சபையிடம் முறையிடலாம்.

இனி வரவு. தனியே இருக்கும் மாணவருக்கு எஸ்.யூ. உதவிப்பணம் 2025இல் மாதம் 7,086 குறோனர். அதுவும் வரிக்கு முன். வாடகை போக மிச்சம் என்ன என்று நீங்களே பாருங்கள். பகுதி நேர வேலை தேவைதான். ஆனால் எஸ்.யூ. எடுக்கிறவர் உழைக்கக்கூடிய தொகைக்கு எல்லை உண்டு. தாண்டினால் திருப்பிக் கட்ட வேண்டும், அதோடு 7 வீதம் கூட. வீட்டு உதவிப் பணம் பொதுவாகச் சொந்தச் சமையலறை உள்ள வீட்டுக்குத்தான். ஒருவரின் வீட்டில் தனி அறை எடுத்தால் பெரும்பாலும் இல்லை. கொலேகிய அறைக்கு விதிவிலக்கு உண்டு. வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு ஒரு பெரிய பானை பருப்பும் கறியும் வைத்துப் பெட்டிகளில் குளிராக்கினால் வியாழன் வரை ஓடும். தூளும் அரிசி மாவும் இங்கேயிருந்து போகும். பஸ் காசுக்குப் பதில் ஒரு பழைய சைக்கிள் போதும். எஸ் றெயினில் 2010இல் இருந்து சைக்கிளுக்குக் காசில்லை. ஊருக்கு வர றெயின் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் மலிவு.

இங்கே பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை தோறும் கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வந்துபோக வேண்டும், என்வலப்பும் வைக்க வேண்டும் என்று எதிர்பாராதீர்கள். பிறண்டா அபிராமி அம்மன் திருவிழாவுக்கு வரட்டும். மற்றதற்கு வரவில்லை என்று குறை சொல்லாதீர்கள்.

கடைசியாக, எனக்கு முக்கியமானது. இரண்டாம் வருடம் மகனின் வேலையிடத்தில் மணித்தியாலத்தைக் குறைத்து விட்டார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்டால் "சாப்பிட்டாச்சு அம்மா" என்பான். நத்தார் விடுமுறைக்கு வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. மெல்ல மெல்லக் கேட்டதில், வாடகைக்கு வங்கி அட்டையில் கடன் எடுத்திருக்கிறான் என்று தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்கள் ஆலையில் நின்ற காலை நினைச்சால் வாய் வரேல்லை அம்மா" என்றான்.

அன்றிரவே கொப்பியை எடுத்துக்கொண்டு மூவரும் இருந்தோம். அட்டைக் கடனை அடைத்து, அதற்குப் பதில் மாணவர் கடன் எடுத்தான். படிக்கும் காலத்தில் அதற்கு வட்டி 4 வீதம், அட்டைக்கு அதைவிட எவ்வளவோ கூட. பிறகு கொலேகியத்தில் இடம் வந்தது. இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அவன் தன் கணக்கை வாசிப்பான். நாங்களும் எங்கள் கணக்கை வாசிப்போம். நாங்கள் இவ்வளவுதான் தர முடியும் என்று அவனுக்குத் தெரியும். அவனிடம் எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் நான் நிம்மதியாக நித்திரை கொள்கிறேன்.

தம்பி தங்கையரே, பெற்றோரின் கஷ்டத்தை நினைத்து உங்கள் கஷ்டத்தை மறைக்காதீர்கள். பெற்றோரே, "கொப்பன்ஹேகனில் படிக்கிறான்" என்று சொல்லும் பெருமைக்காக அனுப்பாதீர்கள். அதே படிப்பு ஓர்ஹூஸிலோ, ஹேர்னிங்கில் உள்ள வியா கல்லூரியிலோ இருந்தால், வீட்டில் இருந்தே போய்வரலாமா என்று முதலில் பாருங்கள். போகத்தான் வேண்டும் என்றால் துணிந்து அனுப்புங்கள், கணக்குக் கொப்பியோடு.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.