இரவல் குரல்

அரங்கில் நடப்பதைக் காட்டிலும் திரைக்குப் பின்னால் நடப்பதே பல வேளைகளில் சுவை மிகுந்தது. ஒப்பனை அறையில் அரும்பும் காதலையும் ஒத்திகையில் எழும் பூசலையும் பாட்டோடும் நகைச்சுவையோடும் கோத்து அமெரிக்கர் எடுத்த படங்கள் பல. அவற்றுள் தலைசிறந்ததெனப் பலரும் போற்றுவது, 1952ஆம் ஆண்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தார் வெளியிட்ட ‘சிங்கிங் இன் த ரெயின்’ என்னும் படமாகும். ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் அதனை இயக்கினர். கொட்டும் மழையில் குடையை மடக்கிக்கொண்டு கெல்லி ஆடும் நடனத்தைப் பலர் அறிவர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ அந்த மழையை அன்று. அப்படத்தில் ஒலிக்கும் ஒரு குரலை.

கதைக்காகப் பாட்டு எழுதுவது வழக்கம். இப்படத்திலோ பாட்டுக்காகக் கதை எழுதப்பட்டது. தயாரிப்பாளர் ஆர்தர் ஃபிரீட் பாடல் எழுதி, நேசியோ ஹெர்ப் பிரௌன் இசையமைத்த பழைய பாடல்களைக் கொண்டு ஒரு படம் வேண்டுமெனப் பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்னும் இருவரும் பணிக்கப்பட்டனர். அப்பாடல்களிற் பல பேசும்படத்தின் தொடக்க நாட்களில் பிறந்தவை. ஆகவே கதையையும் அவர்கள் அக்காலத்திலேயே நிறுத்தினர்.

1927ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ‘ஜாஸ் சிங்கர்’ வெளிவந்தது. அதன் வெற்றியைக் கண்டு, ஊமைப்படம் எடுத்துவந்த முதலாளிகள் திகைத்தனர். நம் கதையில் வரும் முதலாளியும் பாதி எடுத்த படத்தைப் பேசும்படமாக மாற்றத் துணிகிறார். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. கதாநாயகி லீனா லாமான்ட் பேரழகி. ஆனால் வாய் திறந்தால் கீச்சுக்குரல். ஒலிவாங்கியைச் செடிக்குள் மறைக்கிறார்கள்; அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் சொல் தேய்ந்து போகிறது. ஆடைக்குள் மறைக்கிறார்கள், நெஞ்சத் துடிப்பே இடியென முழங்குகிறது. முன்னோட்டக் காட்சியில் படமும் ஒலியும் ஒன்றையொன்று பிரிந்து ஓட, கொட்டகை முழுதும் சிரிக்கிறது.

நாயகன் டான் லாக்வுட், கேத்தி செல்டன் என்னும் இளம் நடிகையைக் காதலிக்கிறான். ஆளில்லாத படப்பிடிப்பு அரங்கில் அவளை ஏணியில் நிறுத்தி, விளக்குகளை ஏற்றி, விசிறியால் தென்றலை வரவழைத்த பின்னரே அவனுக்குக் காதலைச் சொல்ல நா எழுகிறது. செயற்கை நிலவொளியில் சொன்னாலும் அவன் சொன்ன காதல் மெய். அந்தக் கேத்தியின் குரலை லீனாவுக்கு இரவல் கொடுக்கலாம் என நண்பன் காஸ்மோ வழி சொல்கிறான். டானுக்கு உதவும் பொருட்டுக் கேத்தியும் இசைகிறாள்.

இரவல் கொடுத்தது குற்றமன்று. கேத்தியின் பெயர் வெளிவரக்கூடாதென லீனா ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டுகிறாளே, அங்கேதான் அநீதி புகுகிறது. இறுதியில் மேடையில் லீனா வாயசைக்க, பின்னால் நின்று கேத்தி பாட, நண்பர்கள் திரையை இழுத்து உண்மையை உலகறியச் செய்கின்றனர்.

ஆனால் நேயர்களே, படத்திற்கும் ஒரு பின்திரை உண்டு. கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் ‘வுட் யூ’ என்னும் பாடலை லீனாவுக்காகப் பாடுவதாகக் காண்கிறோமல்லவா? அது டெபியின் குரலன்று. பெட்டி நாய்ஸ் என்னும் பாடகியின் குரல். லீனாவுக்காகக் கேத்தி பேசுவதாக வரும் வசனமோ, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரலே! கீச்சுக்குரல் அவர் நடிப்புக்காகப் புனைந்தது; இயற்கையில் அவர் குரல் இனியது. மறைந்து நின்று பாடுபவளுக்கு நீதி கேட்ட அப்படம், பெட்டி நாய்ஸின் பெயரைத் தன் பெயர்ப்பட்டியலில் காட்டவில்லை.

இது அமெரிக்கருக்கு மட்டும் உரிய குறையன்று. 1949ஆம் ஆண்டில் ‘மகால்’ என்னும் இந்திப் படம் வெளிவந்தபோது, புகழ்பெற்ற அதன் பாடலின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என அச்சாகியிருந்தது. அது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியவர் யார் என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் குவிந்தன. லதா மங்கேஷ்கர் என்பது அதன்பின் தெரியவந்தது. அங்கே திரையை இழுத்தவர்கள் நேயர்களே எனலாம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இக்கதை சற்று நெருக்கமாகவே படுகிறது. ஒருவர் கருத்துக்கு மற்றொருவர் குரல் கொடுப்பது இழிவான பணியன்று. இந்நாட்டில் பல மொழியினர் கூடி வாழ்வதே அதனால்தான் இயல்கிறது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் வீடுகளில், கடைக்காரரிடமும் மருத்துவரிடமும் பெரியவர்களுக்காகப் பேசும் பிள்ளைகள் உண்டு. அவர்களும் குரல் கொடுப்பவர்களே. கொடுத்தவர் இன்னார் என்று நாம் அறிந்திருந்தால் போதும்.

அடுத்த முறை அப்படத்தைக் காண நேர்ந்தால், மழை நடனத்தை மனமார ரசியுங்கள். ஒலிவாங்கியின் முன் நின்று கேத்தி பாடும் இடம் வரும்போது மட்டும், பட்டியலில் இல்லாத அந்தப் பெயரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்: பெட்டி நாய்ஸ்.