கல்விப் பணிக்கு முழுநேர ஊழியர்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், மாணவர் கல்வி மையத்தின் புதிய பொறுப்பாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சாத்தான்குளத்தில் நம் கல்வி மையத்தின் மாலை வகுப்பில் படித்தவன் நான். கல்லூரி நாட்களில் அதே வகுப்பில் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். பின்னர் வேலை கிடைத்து வெளியூர் சென்றேன். இப்போது மாதச் சம்பளம் பெறும் முழுநேரப் பொறுப்பாளனாகத் திரும்பி வந்திருக்கிறேன். "சேவைக்குச் சம்பளமா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு இச்சபையில் விடை கூறுவது என் கடமை.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். அன்று ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வகுப்பை நான் எவரிடமும் ஒப்படைக்கவில்லை. எந்த மாணவர் எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறார் என்பது என் மனத்தில் மட்டுமே இருந்தது, ஏட்டில் இல்லை. சில வாரங்களில் கணித வகுப்பு நின்றுபோயிற்று. பத்தாம் வகுப்பில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு மாணவர், தேர்வு எழுதாமலேயே சென்னைக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். அடுத்த பெருநாளைக்கு ஊர் வந்தபோது அவரே முன்வந்து எனக்குச் சலாம் சொன்னார். குறை ஒன்றும் கூறவில்லை. ஆனால் பதில் சலாம் சொல்லும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை. ஓய்வு நேரத்தில் செய்யும் சேவை, ஓய்வு நேரம் தீர்ந்ததும் தீர்ந்துவிடுகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

நம் மார்க்கம் இதனை நன்கறிந்திருக்கிறது. கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பின்னரும் ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் வழக்கம்போல் துணி வியாபாரத்திற்குச் சந்தைக்குப் புறப்பட்டார்கள். சமுதாயப் பொறுப்பையும் வியாபாரத்தையும் ஒருங்கே கவனிக்க முடியாது என்றுணர்ந்த ஸஹாபாப் பெருமக்கள், பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு உதவித்தொகை நிர்ணயம் செய்தார்கள் என்பது வரலாறு. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரைக் கூறும் திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயம், அதனை வசூலித்து நிர்வகிக்கும் ஊழியர்களையும் அவர்களுள் ஒரு பிரிவினராகச் சேர்த்திருக்கிறது. ஆகவே, பொதுப்பணிக்கு ஊதியம் பெறுவது இழிவன்று. பெற்ற ஊதியத்திற்குக் கணக்குக் காட்டாமல் இருப்பதே இழிவு.

நம் கடற்கரைக்கு எதிர்க்கரையான இலங்கையில் இதற்கோர் உதாரணம் உண்டு. 1911இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், இலங்கை சிவில் சர்வீஸில் சேர்ந்த முதல் முஸ்லிம். 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றியபோது, கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவை நேரில் கண்டார். அங்கேயே ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1945இல் ஏழை மாணவர்களுக்காக இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். அதுவரை உத்தியோகத்திற்கு இடையில் செய்த சேவை அது. 1948இல் அந்த உயர்ந்த உத்தியோகத்தையே துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகப் பொறுப்பேற்றார். 1961 வரை அப்பணியில் இருந்தார்.

அந்தக் கல்லூரி, 1892இல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி ஒரு மத்ரஸாவாகத் தொடங்கப்பட்டது. சித்திலெப்பை போன்ற முன்னோர்கள் விதைத்தார்கள், டி.பி. ஜாயா அவர்கள் 1921 முதல் அதிபராக இருந்து வளர்த்தார்கள். வளர்ந்ததை அஸீஸ் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு முறையாக மாறியதால்தான் அது நிலைத்தது. 1973இல் அஸீஸ் அவர்கள் மறைந்த பின்னரும் அந்தச் சகாய நிதி தொடர்ந்து நடைபெற்றது.

நம் மாநிலத்திலும், 2006இல் தொடங்கப்பட்ட அகரம் அறக்கட்டளை, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்காக 2010இல் 'விதை' திட்டத்தை ஆரம்பித்தது. அதனால் படித்து முன்னேறியவர்களே பின்னர் தன்னார்வலர்களாக வந்து, அடுத்த மாணவர்களுக்குக் கைகொடுக்கிறார்கள். உதவி பெற்றவர் உதவுபவராகத் திரும்புவதே ஒரு கல்வி அமைப்பின் உண்மையான வருமானம்.

இந்தப் பெரியோர்களோடு என்னை ஒப்பிட எனக்குத் தகுதி இல்லை. எனினும் இச்சபையில் நான்கு உறுதிமொழிகள் தருகிறேன். ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஏடு இருக்கும். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டிற்கு நானே செல்வேன். மையத்தின் வரவு செலவு, என் சம்பளம் உட்பட, மாதந்தோறும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இடம்பெறும். முதல் நாளிலிருந்தே எனக்கு அடுத்துப் பொறுப்பேற்கக்கூடிய இருவரைப் பயிற்றுவிப்பேன். நாளை நான் இல்லாவிட்டாலும் வகுப்பு நிற்கக்கூடாது.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. ரமளானில் ஒருமுறை தரும் பெருந்தொகையோடு, மாதந்தோறும் ஒரு சிறு தொகையையும் நிச்சயமாகத் தாருங்கள். வரவு நிச்சயமானால்தான் ஆசிரியரும் நிச்சயம்.

படிப்பை விட்டுச் சென்ற அந்தத் தம்பியிடம் சென்ற வாரம் பேசினேன். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதச் சம்மதித்திருக்கிறார். நம் மையத்தின் புதிய ஏட்டில் முதற்பெயர் அவருடையது.

வல்ல அல்லாஹ் நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, இப்பணியை ஏற்றுக்கொண்டு, நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.