பேசத் தெரிந்தால் போதுமா?

(காரிமங்கலத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட பயிற்சி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'பொதுமக்களோடு கலந்து பேசுவது எப்படி' என்று ஒரு பயிற்சி நடக்கிறது, வாருங்கள் என்று அழைத்தபோது ஒரு கடைக்காரர் சிரித்தாராம். "காலையில் கடை திறந்தால் இரவு வரை பேச்சுத்தான். எனக்குப் பேச யார் பாய் சொல்லித் தரப் போகிறார்?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் நாள் முழுக்க நின்று தேங்காயும் ஆடும் விற்றவருக்குப் பேச்சைச் சொல்லித்தர நான் யார்?

ஆனால் அந்தச் சகோதரரை நான் ஒன்று கேட்கிறேன். சந்தையில் ஒருவர் வந்து நின்றால் நீங்கள் முதலில் என்ன செய்கிறீர்கள்? அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள். முகத்தைப் பார்க்கிறீர்கள். கையில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறீர்கள். அதற்குப் பிறகுதான் விலை சொல்கிறீர்கள். அதே நீங்கள், அதே நான், பொதுக் காரியம் என்று வந்தால் மட்டும் எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் விலையைச் சொல்லிவிடுகிறோமே, ஏன்?

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் முப்பது பேர் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் பகுதிக்குக் குடிநீர் வரவில்லை என்பது கோரிக்கை. முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். "நம் சமுதாயம் புறக்கணிக்கப்படுகிறது" என்று நான் உரத்த குரலில் முழங்கினேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தத் தெரு? எத்தனை வீடு? குழாயில் தண்ணீர் வருவதே இல்லையா, நேரம் தப்பி வருகிறதா?" என்று மூன்று கேள்வி கேட்டார். முப்பது பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? வீட்டில் இருந்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் அழைத்துப் போகவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இந்தக் குறை நம்மிடம் மட்டும் இருப்பது அல்ல. மெத்தப் படித்த பொறியாளர்களிடமும் இருந்தது. அவர்கள் அதை எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971இல் தொடங்கப்பட்டது. ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் கட்டியது. ஆனாலும் ஒரு கட்டத்தில் நிலத்தடி நீர் கீழே போனது, கட்டிய தொட்டிகள் வறண்டு நின்றன. மக்களுக்கு வாரியத்தின் மேல் நம்பிக்கை இல்லை, பொறியாளர்களுக்கோ "மக்களுக்கு என்ன தெரியும்?" என்ற எண்ணம். அப்போதுதான், 2004ஆம் ஆண்டை ஒட்டி, அந்தப் பொறியாளர்களுக்கே ஒரு பயிற்சி தொடங்கினார்கள். குழாய் போடுவது பற்றிய பயிற்சி அல்ல. மக்களோடு உட்கார்ந்து பேசுவது பற்றிய பயிற்சி! அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கூடம்'. நம் பழைய வீடுகளின் கூடம்தான். அந்தக் கூடத்தில் தலைமைப் பொறியாளரும் இளநிலைப் பொறியாளரும் வட்டமாக, சமமாக உட்கார வேண்டும். பதவியைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது.

அரசு அலுவலகங்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்பது புரியும். மேலதிகாரி முன்னால் நாற்காலியில் சாய்ந்து உட்காரவே தயங்குகிற உலகம் அது. அங்கே கீழ்நிலையில் இருப்பவர், "ஐயா, அந்த ஊரில் நாம் செய்தது தவறு" என்று சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பயிற்சியின் விளைவாக வந்ததுதான் 'மறைமலைநகர் பிரகடனம்'. இதுவரை தண்ணீர் எட்டாதவர்களை முதலில் எட்ட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. பிறகு 29 மாவட்டங்களில் 145 ஊராட்சிகளில் சோதனை முறையாக இதைச் செய்து பார்த்தார்கள். திட்டத்தை எழுதிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டிய பொறியாளர், ஊரில் உட்கார்ந்து கேட்டு எழுதத் தொடங்கினார். புதுத் தொட்டி வேண்டாம், இருப்பதைப் பழுது பார்த்தாலே போதும் என்று மக்களே சொல்லும் இடமும் உண்டு. கேட்டால்தானே தெரியும்?

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நாம் நிற்பது தர்மபுரி மாவட்டம். நம் மண்ணின் பெரிய துன்பம் தண்ணீரில் இருக்கிறது. ஃபுளோரைடு! ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கத் தகாதது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, நாக்குக்கும் தெரியாது. குழந்தையின் பல்லில் பழுப்புக் கறையாக வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. வயதானால் எலும்பைப் பிடிக்கிறது, குனிய முடியவில்லை, நிமிர முடியவில்லை. இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கி வைத்தார்கள்.

சரி, காவிரித் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. வேலை முடிந்ததா? ஒரு வீட்டில் குடிக்கும் பானையில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்று முடிவு செய்பவர் யார்? வீட்டுத் தலைவர் என்று சொல்லிக்கொள்ளும் நாமா? இல்லை. அந்த வீட்டுத் தாய். குழாயில் ஒருநாள் வராவிட்டால் அவர் பழைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் பிடிப்பார். "காய்ச்சிக் கொடுக்கிறேன், ஒன்றும் செய்யாது" என்பார். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். இந்தச் செய்தியைக் கடைவீதியில் மேடை போட்டு ஆண்களுக்கு மட்டும் முழங்கினால் யாருக்குப் பயன்? எல்லோரையும் சேர்த்துப் பேசுவது பெருந்தன்மைக்காகச் செய்யும் உபகாரம் என்று நினைக்கிறோம். அல்ல சகோதரர்களே! அப்படிப் பேசாவிட்டால் காரியமே நடக்காது.

கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கினார்கள். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்றார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. கிராம சபையை நடத்திவைக்கப் பல்லாயிரம் பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் எல்லோரும் ஒன்றாகக் கூடுவது; பிறகு தண்ணீர், விவசாயம், பெண்கள் நலம் என்று சிறு குழுக்களாகப் பிரிவது. ஒவ்வொரு குழுவிலும் பயிற்சி பெற்ற ஒருவர் கையில் கேள்விகளோடு உட்கார்ந்திருப்பார். அவர் வேலை பேசுவது அல்ல. பேசாதவரைப் பேச வைப்பது. ஆயிரம் பேர் கூட்டத்தில் எழுந்திருக்கக் கூச்சப்படுபவர் இருபது பேர் நடுவில் பேசிவிடுவார். அப்படியும் முதல் சுற்றில் பெண்கள் போதிய அளவில் வரவில்லை. ஆனால் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களில் பேசிப் பழகிய பெண்கள் பிறகு கிராம சபைக்குத் தனியாக அல்ல, குழுவாக வந்தார்கள்.

இங்கே நம் நிலை என்ன? காரிமங்கலம் பேரூராட்சி, ஆகவே இதற்குள் கிராம சபை கிடையாது. ஆனால் சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்து இங்கே பலர் வந்திருக்கிறீர்கள். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி உங்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என நான்கு நாள் இருந்தது. 2022இல் உலக தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 என இரண்டு நாள் கூடியது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வந்தால்தான் கோரம். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களைக் கொண்டுவந்து உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிக் கோரம் நிறைத்த கதை பல ஊர்களில் உண்டு. அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள்; வாய் திறந்தார்களா என்று யாரும் பார்க்கவில்லை.

நாமோ கையெழுத்துப் போடக்கூடப் போவதில்லை. விடுமுறை நாள், கடையில் கூட்டம் இருக்கும் என்கிறோம். பிறகு கபரஸ்தானுக்குப் பாதை வேண்டும் என்றால் மட்டும் ஐம்பது பேர் வண்டி கட்டிக்கொண்டு போகிறோம். "இவர்கள் தங்களுக்கு ஏதாவது என்றால்தான் வருவார்கள்" என்று பக்கத்துத் தெருக்காரர் சொன்னால் அதில் என்ன தவறு? அவருடைய காலனிக்குத் தெருவிளக்கு இல்லை என்று கிராம சபையில் ஒருநாளாவது நாம் எழுந்து சொல்லியிருக்கிறோமா? நம் கடைக்கு வரும் வாடிக்கையாளரில் பெரும்பாலோர் அவர்கள்தானே!

இளைஞர்களுக்கு ஒரு வேலை. அடுத்த கிராம சபைக்குப் போகும்முன் உங்கள் தெருவில் வீடு வீடாகப் போங்கள். நம் வீடுகளுக்கு மட்டும் அல்ல, எல்லா வீடுகளுக்கும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எத்தனை குடம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கோஷம் வேண்டாம், அந்த நோட்டு போதும். எழுந்து நின்று இரண்டு நிமிடத்தில் படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அந்த அதிகாரி என்னைக் கேட்ட மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருக்கும்.

இறுதியாக ஒன்று. இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. எல்லோரையும் சேர்த்துப் பேசுவது பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். தாய்மார்களும் சகோதரிகளும் அமர்ந்திருக்கும் திரைக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி இருக்கிறது, ஒரு மைக் இல்லை. அவர்கள் என் பேச்சைக் கேட்க வழி செய்திருக்கிறோம். நாம் அவர்களைக் கேட்க வழி செய்யவில்லை. கலந்தாலோசனை என்ற பெயரிலேயே ஒரு அத்தியாயம், அஷ்ஷூரா, நம் வேதத்தில் இருக்கிறது. நம் ஜமாஅத் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள்.

எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் மிச்சம் இருக்கிறது. நான் பேசப் போவதில்லை. தம்பிமார்களே, நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். இந்த மைக்கைக் கழற்றி முதலில் திரைக்கு அந்தப் பக்கம் கொடுங்கள். யாராவது ஒருவர் நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.